‘யார்’ என்ற சொல்லை மாற்றலாமா?

அவைக்கு அழகு சேர்க்கும் நம் சங்கத் தலைவர் ராஜவேலு அண்ணன் அவர்களே! அறிவால் உயர்ந்த, அன்பால் முதிர்ந்த பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிவைத்து, குழந்தையை இடுப்பில் ஏற்றி வந்திருக்கும் தாய்மார்களே! பழவேற்காட்டுப் பெண் பரீதாவின் பணிவான சலாம், வணக்கம்!

சங்கத்துக் கணிப்பொறிக்குத் தமிழ்ச் சொற்களால் ஒரு சின்ன மொழி செய்து தந்தேன். அதில் ‘யார்’ என்று ஒரு கட்டளை. ஏரியில் முறைவைத்து வலை இறக்குகிறோமே, அந்தப் பாடு இன்று யாருடையது என்று கேட்டால் அது பெயர் சொல்லும். நீலமேகம் அண்ணன் மறைந்த பிறகும் அவர் பாடு அவர் பெயரிலேயே நிற்கிறது. மனைவி லோகநாயகி அக்காவுக்காக, அக்காவின் உடன்பிறந்த தம்பி மூர்த்தி வலை இறக்குகிறார். ஊர் வழக்கம் அது. அக்கா வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

எண்பத்தேழு ஐப்பசியில் புயற்காற்று அடித்ததே, மறந்தீர்களா? வந்த படகுகளைப் பதிந்துவிட்டு, கரை திரும்பாதவர் யார் என்று கேட்டோம். கணிப்பொறி என்ன சொன்னது? ‘நீலமேகம்’ என்றது! “பாவம், அவரு போனது மிஷினுக்குத் தெரியல” என்று சொல்லி, எல்லாரும் வந்தாயிற்று எனக் கலைந்துபோனோம். அங்கே தண்ணீரில் தத்தளித்தவர் மூர்த்தி! எப்படியோ தோணிரேவுக் கிராமத்தில் கரை ஒதுங்கினார். வந்தவர் கேட்டார்: “இன்னாமா பரீதா, தண்ணில கெடந்தது நானு. உன் மிஷினு மாமா பேரச் சொல்லுது?”

நியாயம்தானே? ‘யார்’ என்றால் படகில் இருப்பவர் என்று மாற்றிவிடலாமே? “மாத்துமா!” என்கிறீர்கள். பொறுங்கள் ஐயா! பாடு அழைப்பதும் அந்தச் சொல்லை நம்பி! பங்கு பிரிப்பதும் அந்தச் சொல்லை நம்பி! அக்கரைச் சங்கத்தார் தங்கள் நிரல்களை எழுதி ஓட்டுவதும் அந்தச் சொல்லை நம்பி! மாற்றிய மறுநாளே பாடு மூர்த்தி பெயருக்குப் போகும். யாரும் பிடுங்காமலே அக்காவின் உரிமை பறிபோகும். பிழையைத் திருத்தப் போய்ப் பிழைப்பைப் பறிக்கலாமா?

மூர்த்தியிடம் சொன்னேன், பதறிவிட்டார். “அய்யோ, அக்கா பாடு எனுக்கு வேணாம்மா! காத்தடிக்கறப்போ மட்டும் என் பேரச் சொல்லு, போதும்!”

ஆகவே பழைய சொல்லை நான் தொடவில்லை. ‘தண்ணீரில் யார்’ என்று புதிய சொல் ஒன்றைச் சேர்த்தேன். படகில் போனவர் பெயரை அது சொல்லும்; புயலுக்கு அதைக் கேளுங்கள். பாடு அழைக்கப் பழையதையே கேளுங்கள்.

“ரெண்டு சொல்லு இன்னாத்துக்கு? கொழப்பமா கீதே!” என்கிறார் பின்வரிசை அண்ணன். உண்மை அண்ணா! மொழியின் அழகு கொஞ்சம் குறைந்துதான் போனது, எனக்கும் வருத்தமே. ஆனால் அழகுக்காக ஓர் அடுப்பை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

இன்று காலை பாடு அழைத்தார்கள். ‘நீலமேகம்’ என்று பெயர் வந்தது. கூட்டத்தில் லோகநாயகி அக்கா எழுந்து நின்று, “கீறோம்” என்றார்.

‘இருக்கிறோம்’ என்ற அந்தக் குரலுக்கு என் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம், சலாம்!