யாருக்கு ஜுரம்

இல்லீங்க மகேஸ்வரி, அடுப்ப இன்னும் கொஞ்சம் கொறைங்க. தளதளன்னு கொதிக்கப்படாது, சும்மா முணுமுணுன்னுட்டு இருக்கோணும். உங்களுக்கு ராகிக் கஞ்சி காச்சத் தெரியாதுன்னு சொல்லலீங்க. கொள்ளேகாலத்துக்காரங்களுக்கு அத நான் சொல்லித் தரணுமா. ஆனா உள்ள படுத்திருக்கற யதுகிரியம்மாவுக்குத் தோது வேற. தண்ணியா இருந்தா பொரை ஏறிக்கும். கெட்டியா இருந்தா துப்பிருவாங்க. கரண்டியச் சாச்சா வெளக்கெண்ணெயாட்டம் மெதுவா எறங்கோணும். ஆ, அதேதான்.

ஊருல மாதிரி ராத்திரியே கரைச்சுப் புளிக்க வெக்கறது இங்க ஆகாது. வெங்காயம் இந்த வாசப்படியே தாண்டாது. மோருல துளி பெருங்காயம், உப்பு, அவ்வளவுதான். வாயால எறங்குற வரைக்கும் சரி, எறங்கலீன்னா மூக்குல கொழாய் போட்டுருவோம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதனாலதான் அம்மாவப் பாத்துக்க வந்ததும் வராததுமா உங்கள அடுப்புகிட்ட நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கேன். நான் இல்லாத நேரத்துல அந்தக் கொழாய் வந்துரக் கூடாதுங்க.

எம் பேரா? அவங்க காது கேக்க சிங்கம்மான்னே கூப்புடுங்க. மேல்கோட்டையில அவங்க பொறந்த ஊட்டுல சமைச்சுப் போட்ட அம்மா பேராம். அந்தம்மா போய்ச் சேந்து எந்தக் காலமோ ஆச்சு. இவங்களுக்குத்தான் ஞாபகமெல்லாம் கலஞ்சு போச்சே. ஒரு நா என்னையப் பாத்து, வா சிங்கம்மான்னாங்க. நானும் வந்துட்டேம்மான்னுட்டேன்.

மருமகளா? இருக்கா, இருக்கா. ஹனூருப் பக்கம் வெள்ளாம பண்ற காட்டுக்காரங்க ஊட்டுப் புள்ள. ஒரே மகன் ரங்கராஜு, இவங்க பேச்சக் கேக்காம கட்டிக்கிட்டாரு. வந்த மொத விடியால அந்தப் புள்ள எல்லாருக்கும் முந்தி எந்திரிச்சிருக்கா. பொறந்த ஊட்டுல கட்டிக் குடுத்த ராகி மாவு பையில இருந்துச்சு. கஞ்சி காச்சி ஆத்தி, மோரு ஊத்தி, சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு, ஆளுக்கொரு டம்ளரா வெச்சுட்டா. அவ ஊருல வந்தவங்களுக்குக் குடுக்கற மொத மரியாதையே அதுதாங்க. இந்த ஊட்டுலயோ கஞ்சி வெச்சாலே யாரோ படுத்துட்டாங்கன்னு அர்த்தம். அம்மா வந்து பாத்தாங்க. யாருக்கு ஜுரம்னு கேட்டாங்க. எல்லாத்தையும் கொண்டு போயிக் கொல்லக் கொழாயடியில கமுத்திட்டாங்க.

அன்னையிலிருந்து அவ கையால பச்சத்தண்ணி குடிச்சதில்ல. ஒரே சமையக்கட்டுல ரெண்டு அடுப்பு. சண்டையெல்லாம் கெடயாதுங்க. சண்ட போட்டிருந்தாத் தேவல. தீவாளிக்கு நல்ல நெறமாப் பாத்துப் பொடவ எடுத்துக் குடுப்பாங்க. அவ வெச்ச தட்டு மட்டும் தொடாம ஆறிக் கெடக்கும்.

இப்பப் பாருங்க கூத்த. இங்க தேவராஜ மொஹல்லா கடவீதியில கடைக்குக் கடை ராகிக் கஞ்சி மாவு. மொளகட்டுனது, பாதாம் போட்டதுன்னு டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்கான். ஒடம்புக்கு நல்லதுன்னு மகனே வாங்கிட்டு வர்றாரு. டாக்டரும் இவங்களுக்கு அதையேதான் குடுக்கச் சொன்னாரு. மருமக காச்சிக் கொண்டு போனா, பல்லக் கடிச்சிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. பெத்த மகன் மூஞ்சியே பாதி நாளு தெரியறதில்ல. அவள மட்டும் தெரிஞ்சுது பாருங்க.

அதுக்கப்பறம் ஞாபகம் இன்னும் கலஞ்சு, இப்ப சிங்கம்மா குடுத்தா சொட்டு மிச்சம் வெக்க மாட்டாங்க. குடிச்சிட்டு, என்ற கையப் புடிச்சிட்டு, ரகசியமாச் சொல்லுவாங்க. சிங்கம்மா, எனக்கு ஒரு மாட்டுப்பொண் இருக்கா, வந்தா உள்ள விட்டுடாதேன்னு. சரிம்மான்னு வாயத் தொடச்சு விடுவேன். சிரிக்கலாங்க, நானும் ஆரம்பத்துல சிரிச்சிருக்கேன்.

வலப்பக்கமா உக்காந்து குடுங்க, எடப்பக்கம் வழிஞ்சுரும். உங்களையும் சிங்கம்மான்னு கூப்புட்டா ஆமான்னுருங்க. அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்.

கார் சத்தம் கேக்குதா? அவரு வெளிய எடுத்துட்டாரு. நாளைக்கு எனக்கு மாருல ஆப்பரேசனுங்க. இன்னைக்கே வந்து சேரச் சொல்லிட்டாங்க. ரங்கராஜுதான் கூட இருந்து பாத்துக்கப் போறாரு. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? சமையக்காரிக்குத் தொணையா மொதலாளி ஆஸ்பத்திரியில படுப்பாரான்னா? அவரு என்ற புருசனுங்க. எம் பேரு ஜோதிமணி. அந்தப் பேர மட்டும் இங்க சத்தமாச் சொல்லிறாதீங்க, கஞ்சி எறங்காது.

பையி இருக்கட்டும், நானே எடுத்துக்கறேன். இன்னொண்ணு மகேஸ்வரி. மருமக எங்கேன்னு இவங்க ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டாங்க. தப்பித் தவறிக் கேட்டுட்டாங்கன்னா, எனக்கு ஒரு போன் போடுங்க. நான் மயக்கத்துல இருந்தா அவரு எடுப்பாரு. பரவால்ல, மயக்கத்துலயே எங்காதுல சொல்லச் சொல்லுங்க.