மடிச்சுப் பாத்த இலை

நல்லா நிக்கிற ஆரஞ்சு மரத்தப் போயி எதுக்கு வெட்டச் சொல்றீங்கன்னு கேக்குறீங்க, அதானே? சொல்றேன் லாய் தம்பி. மொதல்ல அந்த ரம்ப மிஷினக் கீழ வைங்க. வெத்தல எச்சிய இந்தக் காகித டம்ளர்ல துப்பிக்கோங்க, மண்ணுல வேணாம்.

நான் இருவது வருஷம் கூகெங் கடைத்தெருவுல உரக்கடையில உக்காந்தவ. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் தோட்டத்துல இலை மஞ்சளானாலும், சூ-ஓ அக்காகிட்ட கொண்டுபோய்க் காட்டுன்னுதான் சொல்லுவாங்க. சட்டப் பாக்கெட்ல கொண்டாருவாங்க, தொப்பிக்குள்ள கொண்டாருவாங்க, ஒருத்தரு டிபன் டப்பாவுல சோத்து மேலயே வெச்சுக் கொண்டாந்தாரு. இப்பல்லாம் போன்ல படம் அனுப்புறாங்க. படத்துல பாதி அவங்க கட்ட விரலுதான் தெரியும்.

அட, பெரிய வித்தையெல்லாம் இல்ல தம்பி. அடியில இருக்குற பழைய இலை மொத்தமா வெளுத்துச்சுன்னா தழைச்சத்து பத்தல. பழைய இலையே ஓரமெல்லாம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சையா முக்கோணம் நின்னா மெக்னீசியம். மரம் பழசுலேருந்து உருவித்தான் புதுசுக்குக் குடுக்கும். இரும்ப அப்பிடி உருவ வராது. அதனால கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்ச வலையாட்டம் தெரியும்.

மேட்டுத் தோட்டத்து செங் அண்ணன் சுண்ணாம்ப வண்டி வண்டியாக் கொட்டிட்டு, இரும்புச் சத்து மருந்து குடுன்னு வந்து நின்னாரு. மொதல்ல சுண்ணாம்ப நிறுத்துங்க, மண்ணுல இருக்குற இரும்பு தானா ஏறும்னேன். மறு வருஷம் ஒரு கோழியத் தூக்கிட்டு வந்து குடுத்தாரு. கோழிக்கு ஒரு சத்தும் கொறையல.

இந்த மரத்து இலையா? ஜிங்க் கொறைவா இருக்கும்னு நீங்களே சொல்றீங்க, பாத்தீங்களா. எல்லாருக்கும் அப்பிடித்தான் தோணும். இந்தாங்க, நடு நரம்போட மடிச்சுப் பாருங்க. இந்தப் பாதியில இருக்குற திட்டும் அந்தப் பாதியில இருக்குறதும் ஒண்ணுபோல இருக்கா? இல்லல்ல. ஜிங்க்குன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும். இது மஞ்சள் டிராகன் நோய். வந்துட்டா மருந்து கெடையாது. எள்ளளவு பூச்சி ஒண்ணு இதுல உறிஞ்சிட்டு அடுத்தவன் தோட்டத்துல போயி உக்காரும்.

எப்பலேருந்து தெரியும்னா? ரெண்டு வருஷமாவே தெரியும்.

என் வீட்டுக்காரரு ஜின்-ஃபா, நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நாலாவது நாளு. தையல் கூடப் பிரிக்கல. தோட்டத்துக்குப் போயி ஒரு இலையப் பறிச்சுக்கிட்டு வந்து, என்னன்னு பாருன்னு நீட்டுறாரு. மடிச்சுப் பாத்தேன், ரெண்டு பாதியும் ஒத்துப்போகல. ஜிங்க்தான், வேற ஒண்ணுமில்லன்னுட்டேன். அதுவரைக்கும் இருவது வருஷத்துல நான் யாருக்கும் தப்பாச் சொன்னதில்ல தம்பி. அன்னையிலேருந்து மாசா மாசம் ஜிங்க்கக் கலந்து அடிப்பாரு. அவரு தூங்குற மத்தியானத்துல நான் பூச்சி மருந்து அடிப்பேன், பக்கத்துக்குப் பரவாம இருக்கட்டுமேன்னு.

பரவிடுச்சு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மெய்-சிங் ஒரு இலையோட வந்தா. புதுசா நூறு கன்னு வெச்சிருக்கா அவ. ஜிங்க்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உள்ளதச் சொன்னேன், எங்க மரத்துலேருந்துதான் வந்துருக்கும்னும் சொன்னேன். இலைய மேச மேல வெச்சுட்டுப் போயிட்டா.

அதான் உங்களக் கூப்பிட்டேன். மொத்தம் இருவத்தாறு மரம். அவர இன்னிக்குக் கோயில் பஸ்ல ஏத்தி, பெய்காங் மாஜு அம்மனக் கும்பிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். சாயங்காலம் வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

சொல்ல வேண்டியிருக்காது போல. பஸ்ல ஏறி உக்காந்தவரு ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, வர்ற ஆள ஓடையோரத்து மரத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லு, அதுக்குத்தான் மொதல்ல வந்துச்சுன்னாரு. ஆள் வருதுன்னு அவருகிட்ட நான் மூச்சே விடல தம்பி.

வாங்க. ஓடை இந்தப் பக்கம்.