ஆயில் திரும்பும் வழி

— தோள் ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு தம்பி. நேத்துப் பூரா எஞ்சினுக்கு அடியில இருக்கற அந்த ஆயில் தொட்டியை, சம்பை, தலைக்கு மேல ஏந்திப் பிடிச்சு கையே மரத்துப் போச்சு. டீத் தம்ளரைக்கூடத் தூக்க முடியல. வெளிய வாங்க. வண்டிக்கு அடியில படுத்து என்னத்தைத் தேடறீங்க?

— சம்பைக் கழட்டித்தான் ஓட்டை போட்டீங்களா, இல்ல வண்டியிலயே வெச்சுக் குடைஞ்சீங்களான்னு தேடறேன், கஸ்வான் மேஸ்திரி.

— கழட்டாமயா தோள் வலிக்கும்?

— தோள் உங்களோடது. வலிக்குதா நடிக்குதான்னு நான் எப்படிக் கண்டேன்? முன் அச்சு போல்ட்டுல போன வருஷத்துச் செம்மணல் அப்படியே அப்பிக் கிடக்கு. அச்சை இறக்காம இந்த வண்டியில சம்பு வெளிய வராது. ஹாயில் ஊர்ல ஆட்டுக்குட்டிக்குக்கூட இது தெரியும்.

— அந்த ஆட்டுக்குட்டிக்கே ஒரு ஸ்பானர் வாங்கிக் குடுங்க, வேலை பார்க்கட்டும். அச்சை நான் தொடல. எஞ்சினைச் சங்கிலி போட்டு மேல தூக்கிட்டு, சம்பைச் சாய்ச்சு உருவினேன். எஞ்சின் உட்கார்ற இடத்துல போல்ட்டைப் பாருங்க. புதுக் கீறல் இருக்கும்.

— இருக்கு.

— அப்புறம் என்ன, நவ்வாஃப் ஷேக்கு? இன்னும் விசாரணை பாக்கி இருக்கா?

— உள்ள இரும்புப் பிசிறு?

— டீசல்ல கழுவி, காத்தடிச்சு, காந்தம் விட்டுத் துழாவி, அதுக்கப்புறம் வெள்ளைத் துணியால துடைச்சேன். அந்தச் சம்புல சோறு போட்டுச் சாப்பிடலாம் நீங்க.

— சாப்பிடறது இருக்கட்டும். டர்போவுக்கு மேல போன ஆயில் திரும்பி சம்புக்குள்ள விழுமே, அந்தக் குழாய் வாயை, நிப்பிளை, எங்க வெல்டு அடிச்சிருக்கீங்க?

— ஆயில் மட்டத்துக்கு மேலதான். எங்க வைக்கணுமோ அங்க.

— முன்னாலயா பின்னாலயா?

— பின்னால.

— அந்த டீயை இங்க குடுங்க.

— ஆறிப் போச்சு. இருங்க, புதுசு போடறேன்.

— குடிக்கறதுக்கு இல்ல. இந்தத் தம்ளர்தான் சம்புன்னு வெச்சுக்கோங்க. பாதி வரைக்கும் டீ. இந்தப் பக்கம் வண்டி மூக்கு, இந்தப் பக்கம் வால். சமதரையில உங்க நிப்பிள் டீக்கு மேல நிக்குது. ரொம்ப அழகு. இப்ப மேடு ஏறறேன், மூக்கு வானத்தைப் பார்க்குது. டீ எங்க போச்சு?

— பின்னால.

— நிப்பிள்?

— முழுகிருச்சு.

— முழுகினா?

— இறங்க வழியில்லாம ஆயில் டர்போவுலயே தேங்கும். சீலைத் தாண்டிக் கசியும். புகையும்.

— லேசாவா புகையும்? ஆடு வேகற மணல்குழி மாதிரி புகையும்! காய்கறி வாங்கப் போற வண்டிக்குப் பின்னால வெச்சா நான் கேக்கப் போறதில்ல. மணல் மேடு ஏறற வண்டிக்கு எவனாவது இப்படி வெப்பானா?

— முன்னால இடமில்ல தம்பி. அச்சு இடிக்குது. பைப்பை வளைச்சுக் கொண்டு போனா ஆயில் சரியா இறங்காது.

— எங்கண்ணன் வண்டியும் இதே வண்டி. இதே எஞ்சின், இதே அச்சு. வேலை பார்த்ததும் இதே கை. அதுல மட்டும் முன்னால இடம் எப்படி வந்துச்சு?

— தொழுகைக்கு நேரமாச்சு. கை கழுவிட்டு வரேன்.

— இன்னும் பாங்கே சொல்லல. உட்காருங்க. யார் சொல்லிப் பண்ணீங்க? எவ்வளவு வாங்கினீங்க?

— வார்த்தையைப் பார்த்து விடுங்க. உங்க வயசுல எனக்கு மருமகன் இருக்கான்.

— என் சித்தப்பா மகன் மாஜித் வண்டி இங்க நின்னதைப் பார்த்தவன் இருக்கான். வியாழக்கிழமை அந்தக் குருட்டு மணல் மேட்டுல அவனும் நானும் போட்டி போட்டு ஏறப் போறோம்னு மேயற ஒட்டகத்துக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?

— மாஜித் பிரேக்கு பார்க்க வந்தாரு.

— பிரேக்கா! அவன் பிரேக்கு மிதிச்சு ஜனங்க பார்த்ததே இல்ல. வேற நல்ல பொய்யாச் சொல்லுங்க. பாதி மேட்டுல நான் புகைஞ்சு நிக்கணும். வேடிக்கை பார்க்கக் கூடாரத்துல உட்கார்ந்திருக்கறவன் எல்லாம் அதைப் படம் பிடிச்சு ஊருக்கே அனுப்பிச் சிரிக்கணும். அதானே கணக்கு?

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிப்பைக் கேட்டு யாரும் சாகல.

— எங்கண்ணன் பந்தர் உருண்டு செத்த மேடுய்யா அது! அவன் போனதுக்கப்புறம் எங்க வீட்டு ஆம்பளை யாரும் அந்தப் பக்கம் வண்டி திருப்பல. காபி குடிக்க உட்கார்ந்தா, 'அந்த வீடு பயந்துருச்சு'ங்கறாங்க, என் காதுல விழற மாதிரி. நான் ஒரே ஒரு தடவை உச்சிக்குப் போயிட்டு வந்தா அந்த வாயெல்லாம் மூடும். அதை நீ வித்துட்ட.

— நான் எதையும் விக்கல.

— அப்ப தெரியாமப் பண்ணிட்டியா? இத்தனை வருஷம் மணல் வண்டி கட்டினவனுக்கு முன்னால எது பின்னால எதுன்னு மறந்து போச்சா?

— தெரிஞ்சுதான் பண்ணேன்.

— வந்துருச்சு பார் வாயில! யாருக்காக?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

— உன்னை இங்க வேலைக்கு வெச்சிருக்கற கஃபீல் எங்க மாமாவோட ஒரே தட்டுல சாப்பிடறவரு. நான் ஒரு வார்த்தை போட்டா அடுத்த வாரம் நீ அலெப்போவுக்கு மூட்டை கட்டணும்.

— அலெப்போவுல என் பட்டறை இருந்த இடத்துல இப்ப ஒரு பள்ளம்தான் இருக்கு. அதுக்குக் காவலுக்கு ஆள் வேணும்னா போறேன். சொல்லிக்கோங்க.

— வேணாம். உன்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. நேரா மாஜித் வீட்டுக்குப் போறேன். அவன் அப்பா முன்னாலயே சட்டையைப் பிடிக்கறேன்.

— நில்லுங்க! நில்லுங்க தம்பி. அந்தப் பையன் தலையில பழி விழக்கூடாது. அவன் நிஜமாவே பிரேக்குக்குத்தான் வந்தான்.

— அப்ப பேரைச் சொல்லு. எவனா இருந்தாலும் உரிச்சுத் தொங்க விடறேன்.

— அவரு வயசுக்கு அதெல்லாம் தாங்காது.

— யாரு?

— அபூ பந்தர்.

— எங்கப்பாவா?

— ஆமா.

— எங்கப்பா இந்தக் கடைவீதிப் பக்கமே தலை வெக்க மாட்டாரு. அண்ணன் செத்ததுல இருந்து எண்ணெய் வாடை வந்தாலே எழுந்து போயிடறாரு.

— வந்தாரு. நீங்க வண்டியை விட்டுட்டுப் போன மறுநாள். அந்தப் பழைய டயர் மேல உட்கார்ந்தாரு. என்கிட்ட இருந்த நல்ல கோப்பையாப் பார்த்து எடுத்துக் காபி ஊத்திக் குடுத்தேன். கையில வாங்கினாரு. குடிக்கல. தரையில வெச்சுட்டாரு.

— தரையிலயா?

— என் காலுக்கு முன்னால.

— பொய். கேட்டதைக் குடுத்தாத்தான் குடிப்பேன்னு சொல்ற விஷயம் அது. ஊரை ஆள்ற அமீர் வீட்டுலகூட எங்கப்பா கோப்பையைக் கீழ வெச்சதில்ல. யார்கிட்டயும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனுஷன். இந்தக் கிரீஸ் தரையில, உன் முன்னால வெச்சாராக்கும்?

— எனக்கு உடம்பே கூசிப் போச்சு. 'நீங்க கேக்கப் போறது என்னன்னு தெரியாது, ஆனா அது உங்களுக்குத்தான், குடிங்க'ன்னு கெஞ்சினேன். அப்புறம்தான் கேட்டாரு. 'அவனை என்னால நிறுத்த முடியல, கஸ்வான். வண்டியால முடியுமா?'ன்னாரு. முடியும்னேன். அதுக்கப்புறம் எடுத்துக் குடிச்சாரு.

— எதுவும் பேசாத.

— பாதி மேட்டுல புகை மூடும். நீங்களே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துருவீங்க. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நான் பொறுப்பு.

— பேசாதன்னு சொன்னேன்ல!

— சரி.

— அவரு பயம் அவரோட. வண்டி என்னோடது. அந்த நிப்பிளை அறுத்து எடு. ஓட்டையை அடைச்சுட்டு முன்னால வை. இன்னிக்கே வேணும்.

— மாட்டேன்.

— பந்தருக்கு மட்டும் ஒழுங்காப் பண்ணிக் குடுத்த!

— ஒழுங்காத்தான் பண்ணேன். அதைவிட நல்ல வேலை என் வாழ்நாள்ல பண்ணதில்ல. உச்சி வரைக்கும் ஒரு பொட்டுப் புகை வரல, வேகம் ஒரு இழை குறையல. குறைஞ்சிருந்தா உச்சியிலயே நின்னிருப்பாரு, அந்தப் பக்கப் பள்ளத்துல போய் விழுந்திருக்க மாட்டாரு. அடக்கம் பண்ண அன்னிக்கு உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. திட்டுவாருன்னு நின்னேன். ஒரு வார்த்தை கேக்கல.

— கடைசியாக் கேக்கறேன் மேஸ்திரி. நீங்க மாத்தித் தரீங்களா, இல்ல வேற பட்டறைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?

— சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்கோங்க. கூலி வேணாம். ஆனா என் கை அதுல படாது. உங்கப்பாவுக்கு நான் ஒரு பிள்ளை கடன்பட்டிருக்கேன்.