கற்பூர வாசம் இல்லாத ஸ்டியரிங்

மனிதன் கையால் செய்த பொருள்களிலேயே மகத்தானது ஸ்டியரிங் வீல்தான். கோபுரம், கப்பல், கடிகாரம் எல்லாம் அதற்கு அப்புறம். இதை நான் கல்யாணப் பந்தியில் சொல்லும்போதெல்லாம் பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்கு முன்பே எழுந்துவிடுகிறார். நீங்கள் அப்படி எழுந்துபோக முடியாது, மேடம். வாக்குமூலம் வாங்குகிற இன்ஸ்பெக்டர் நீங்கள். அந்த வகையில் எனக்கு இன்று நல்ல நாள்தான்.

பெயர் கிளைட்டன். சொந்த ஊர் நாசரேத். ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் தூத்துக்குடியில் ‘ஸ்டியரிங் சார் வீடு’ என்று கேட்டால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். வாசலில் ‘பாரம்பரிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டியரிங் ஆய்வு மற்றும் புனரமைப்பு மையம்’ என்று பலகை தொங்குகிறது. மையம் என்பது எங்கள் முன்னறையில் ஜன்னல் பக்கத்துப் பாதி. மறுபாதியில் என் மனைவி ஈவாஞ்சலின் ஜாக்கெட் தைக்கிறாள். பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அவளைத் தேடி வருகிறவர்கள்.

மில்லிலும் கப்பல் கம்பெனியிலும் இருந்த துரைமார் ஊருக்குப் போகும்போது தங்கள் இரட்டை இருக்கைக் கார்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருப்பவற்றுக்கு ஒரு கிளப் இருக்கிறது. உறுப்பினர்கள் சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு கூடுவார்கள். யார் காரில் எது அசல், எது டூப்ளிகேட் என்று அடுத்தவர் காதில் சொல்வதுதான் கூட்டத்தின் நோக்கம். அசல் ஸ்டியரிங் வைத்திருப்பவருக்கு முன்வரிசையில் நாற்காலி. அசல் என்று சொல்கிறவனுக்கு மேடையில் நாற்காலி. சொல்கிறவன் நான்.

அசலா என்று அறிய ஸ்டியரிங் கம்பிகளின் தடிமனைப் பார்க்கலாம். வளையத்தின் பின்பக்கம் விரல் பதிகிற அலைகளைத் தடவலாம். டூப்ளிகேட் செய்கிறவனுக்கும் அதெல்லாம் தெரியும். அவனால் முடியாதது வாசம். நான் பார்க்கிற வயதுடைய ஸ்டியரிங்குகளுக்கு மேல்பூச்சு, கற்பூரம் சேர்த்துச் செய்கிற செல்லுலாய்டு. கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து மோந்தால் கற்பூரம் மணக்கும். எங்கள் சபையில் கற்பூரத்துக்கு இடமில்லை. ஸ்டியரிங் விஷயத்தில் மட்டும் கர்த்தரிடம் விதிவிலக்கு வாங்கியிருக்கிறேன்.

வில்பிரட் அண்ணாச்சியை உங்களுக்கு உயிரோடு பழக்கம் இல்லை. புன்னைக்காயல்காரர். வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் கயிறும் சப்ளை செய்தவர். சிவப்பு எம்.ஜி. கார் வைத்திருந்தார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்த எம்.ஜி.யின் ஸ்டியரிங்கைக் கழற்றிக் கிளப்புக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அன்றைக்கு எனக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கில் இரண்டு பக்கமும் அடைப்பு. தேய்த்தேன், மோந்தேன், கண்ணை மூடினேன். சுற்றிலும் கோட்டுகள் நின்றன. ‘மூக்கு அடைத்திருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று ஒரு நிபுணர் சொல்லலாமா? “அசல்” என்றேன். கைதட்டினார்கள். அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியில் என் தும்மல் அவர் கோட்டில் விழுந்தது. அதையும் அவர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

போன மாதம் அதே ஸ்டியரிங்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்தார். வளையத்தில் மயிரிழை விரிசல்கள்.

“வெள்ளைக்காரன் வாரான்வே” என்றார். “பழைய கார் ஊர்வலத்துக்கு. பெரிய நிபுணராம். நம்ம வீலத் தடவிப் பாக்கணும்னு மெயில் போட்டிருக்கான்.”

“இங்கன இப்படி ஒரு வீல் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“நான்தான் எழுதினேன். எங்க ஊரு ஸ்டியரிங் சார் மோந்து பாத்துச் சொன்னதுன்னு ஒம்ம பேரையும் போட்டுட்டேன். அவனும் மோந்துதான் பாப்பானாம். ஒம்ம மூக்கு பெருசா அவன் மூக்கு பெருசான்னு பாத்துருவோம்.”

அவர் போனதும் விரிசலைச் சுற்றி உப்புத்தாள் போட்டேன். வளையம் சூடானது. மூக்கு அன்று பளிங்கு மாதிரி சுத்தம். கற்பூரம் இல்லை. உள்ளறையிலிருந்து ஈவாஞ்சலின் குரல் கொடுத்தாள்: “ஏங்க, சட்ட பட்டன் கருகுத வாட அடிக்கி. அயர்ன் பாக்ஸ அணைக்காமலா வந்தேன்?”

வாசத்தில் பயிற்சியே இல்லாத தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து அதற்காகவே வருகிறவருக்குத் தெரியாதா?

நான் நிதானமாக யோசித்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆத்திரத்தில் செய்தவன் இல்லை. அண்ணாச்சியிடம் போய் ‘அன்றைக்கு எனக்கு ஜலதோஷம்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு மார்க்கெட்டில் சொல்லியிருப்பார், கப்பலில் சொல்லியிருப்பார், மறு வாரம் சிங்கப்பூரில் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடியவில்லை என்று இழுத்தடிக்கவும் முடியாது. ‘முடியாட்டா என்ன, அப்படியே காட்டுவோம்’ என்கிற ஆள். ஆக, அந்த ஸ்டியரிங் வெள்ளைக்காரர் மூக்குக்கு எட்டாமல் உடைய வேண்டும். என் வீட்டில் உடைந்தால் எனக்கு இழுக்கு. அவர் கையில் உடைந்தால் பழமை என்று போய்விடும்.

கணக்கு எளிது. நிற்கிற காரில்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப அதிக பலம் வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கிறது. எனவே வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து அண்ணாச்சி முதல் திருப்பு திருப்பும்போதே வளையம் கையோடு வந்துவிடும். நான் பதறுவேன். துண்டுகளை அள்ளிக்கொண்டு மையத்துக்கு வந்துவிடுவேன். வெள்ளைக்காரர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார்.

கம்பிகள் நடுவில் வந்து சேரும் இடத்தில், மூடிக்கு அடியில், ஒவ்வொன்றையும் ஆக்சா பிளேடால் முக்கால் ஆழம் அறுத்தேன். தையல் மிஷின் ஓடும்போது அறுப்பேன், அது நின்றால் நானும் நிறுத்துவேன். அறுத்த இடத்தை எபாக்ஸிப் பசையில் இழைத்த சங்குப் பொடியால் அடைத்து, தேய்த்து, கம்பி நிறத்துக்கே பூச்சுக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

ஊர்வல நாளான ஞாயிறு காலை நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பொருத்தினேன்.

“ஏறும்வே, சேர்ந்து போவோம்” என்றார் அண்ணாச்சி. “ஏளா பிளாரன்ஸ், நீ ஆட்டோல வந்துரு.”

அவர் மனைவி பிளாரன்ஸ் அம்மா பட்டுச்சேலையில் நின்றார்கள். “அம்மாவே காரில் போகட்டும், எனக்குப் பஸ் இருக்கிறது” என்று சொல்லி அவர்களை உட்காரவைத்துக் கதவை நானே சாத்தினேன். அந்த மரியாதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

கார் கிளம்பியது. நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஷெட்டைவிட்டு நேராக உருண்டு வெளியே வந்தது. தெருவில் மெல்லத் திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை. கையை ஆட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் ஆட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் நான் டாட்டாதான் காட்டியிருக்கிறேன்.

கோயில் வாசலில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் போய் இறங்கினேன். பங்குச் சாமியார் ஒவ்வொரு காராக மந்திரித்து வந்தார். சிவப்பு எம்.ஜி.யின் ஸ்டியரிங்கில் தீர்த்தம் தாராளமாகவே விழுந்தது. பூச்சு கரையுமோ என்று கொஞ்சம் கவலையாக இருந்தது. கரையவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டி, “வெள்ளைக்காரன் ஹார்பர் பக்கம் நிக்கான். வந்துரும், ஒம்ம பேரச் சொல்லிக் கூப்பிடுவேன்” என்றார். அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சுற்றிலும் கிளப் நின்றது, மேடம்.

துறைமுகச் சாலை ரவுண்டானாவில் திரும்பும்போது வளையம் கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது. எதிரே உப்பு லாரி. லாரிக்காரர் மேல் தப்பே இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

அண்ணாச்சி அந்த இடத்திலேயே போய்விட்டார். பிளாரன்ஸ் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். “சார், அவுக கடைசியா பிடிச்சது அந்த வீலு. போலீஸ் தந்தா ஒட்டித் தருவீகளா? வீட்டுல வச்சிக்கிடுதேன்” என்றார்கள். கட்டாயம் செய்துதருகிறேன் என்றேன். வெள்ளைக்காரர் அடக்கத்துக்கு வந்திருந்தார். எதையும் மோந்து பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, இந்த ஊரில் உங்களைப் போல ஒருவர் இருப்பது பெரிய விஷயம் என்றார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் உங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைப் பார்த்தார். ‘மட்டமான ஒட்டுவேலை காரணம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பரிலும் அப்படியே வந்தது. கிளப்பில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. நேற்று ஒருவர் தன் ஸ்டியரிங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். அது மட்டமான வேலை இல்லை. ஒட்டு விட்டுப்போகவும் இல்லை. கம்பிகளை அறுத்தது நான். உடைய வேண்டும் என்றே செய்தேன், உடைந்தது. பூச்சைச் சுரண்டிப் பாருங்கள், எல்லா வெட்டும் ஒரே ஆழத்தில் இருக்கும். பேப்பர்காரர்களிடம் இதை மட்டும் திருத்திச் சொன்னால் போதும். அண்ணாச்சியைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நொடியும் நினைத்ததில்லை. ஷெட்டிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது நீங்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள்: “நிக்கித வண்டில யாரு சார் ஸ்டியரிங்கத் திருப்புவா? கொஞ்சம் உருளவிட்டுல்லா திருப்புவாக. வண்டி ஓட்டுத எல்லாருக்கும் தெரியுமே, ஒங்களுக்குத் தெரியாதா?”

நியாயமான கேள்வி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.