மணிலா மெஸ்ஸுக்கு வந்த மாமியார்

— இல்லீங்கம்மா, இங்க மல்லாட்டை விக்கறதில்லீங். இது சாப்பாட்டுக் கடை.

— பெறவு எதுக்கு மணிலா மெஸ்ஸுன்னு போர்டு?

— அது ஊரு பேருங். கடைக்காரம்மாவோட ஊரு. கடல் தாண்டி பிலிப்பைன்ஸ்னு ஒரு தேசம் இருக்குதாமா. நான் பொள்ளாச்சிப் பக்கமுங், நீங்க சொல்ற மல்லாட்டை எங்களுக்கு கடலக்கா. மைன்ஸ் வேலைக்கு நெய்வேலி வந்தப்பறந்தான் மணிலான்னாலும் மல்லாட்டைன்னாலும் அதேதான்னு தெரிஞ்சுது. நானே இந்த போர்டப் பாத்துப்போட்டு, எண்ணெய்க் கடையாக்கும்னு தூக்குப்போசியோட வந்து நின்னவன். உக்காருங்க, இந்த பெஞ்சுல எடமிருக்குது.

— நீ என்னா தம்பி சாப்புட்டுகினு இருக்க?

— கோழிங். அடோபோம்பாங்க. காடியும் பூண்டும் போட்டு வேக வெச்சது. காரம் வேணும்னா பச்சமொளகா கேளுங்க, தனியாத் தருவாங்க. அதா, அவுங்களே வர்றாங்க. ரோசாம்மா, இங்க ஒரு சாப்பாடு. பெரியவங்களுக்கு.

— வாங்கங்க. பெரியவங்களுக்குங்க? நல்லதுங்க. உக்காருங்க, இப்ப வருதுங்க.

— என்னா இவ, சொல்லுக்குச் சொல்லு ங்க போடுறா?

— எல்லாத்துக்கும் போடுவாங்க. பூனையத் தொரத்தறதுன்னாலும் போங்கதானுங்.

— பூனைக்குப் போங்க. எனக்கு வெறும் போ.

— என்னதுங்?

— நீ அவகிட்ட சொல்லாம இருந்தா சொல்றேன். மல்லாட்டை கேட்டதெல்லாம் சும்மா. நான் கடலூர் ஓ.டி.லேருந்து வரேன். எம் பேரு லூசியம்மா. இவ புருசன் சேவியர்ராஜ் இருக்கான் பாரு, அவனப் பெத்தவ.

— அட, நம்ம வெல்டர் அம்மாவுங்களா? அவரு ஜெனரல் ஷிப்டுங், சாயங்காலந்தான் வருவாரு. இருங்க, ரோசாம்மாவக் கூப்புடறன்.

— வாயத் தொறக்காத. மூணு வருசமா பேச்சுவார்த்தை இல்ல. இன்னிக்குக் கல்லறைத் திருநாளு. வூட்டுக்காரரு குழியில மெழுவத்தி ஏத்தி வச்சிட்டு நிக்கறேன், பக்கத்துல எல்லாக் குழியிலயும் புள்ளைங்க நிக்குது. எனக்கு ஆளில்ல. பொத்துகினு வந்திடுச்சு அழுவ. நேரா பஸ் ஏறிட்டேன். இவள ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஒழுங்கா பதில் சொன்னாள்னா, ராத்திரிக்கு ரெண்டு பேரையும் கையோட வூட்டுக்குக் கூட்டிகினு போறது. இல்லன்னா இன்னியோட சரி, எனக்குப் புள்ளையே இல்லன்னு இருந்துடறேன்.

— அப்படியென்னங்க கேள்வி?

— பஹ்ரைனுக்குப் போனவன் இவளக் கட்டிகினு வந்து நிக்கறான். ஒரு கடுதாசி கெடையாது, முன்னக்கூட்டி ஒரு பேச்சு கெடையாது. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. இருந்தாலும் கோயில்ல வச்சித்தான கட்டியிருக்கான், சரி, உள்ளாரக் கூப்புடுவோம்னுதான் வாசலுக்கு வந்தேன். இவ குனிஞ்சா. வெடுக்குன்னு எங் கையப் புடிச்சா. மானம் போ அப்புடின்னுட்டா.

— மானம் போவா?

— எம் வூட்டு வாசல்ல நின்னுகினு, எங் கையப் புடிச்சிகினு. தெருவே பாத்துகினு இருக்குது. நான் கைய உதறிட்டு உள்ள வந்து கதவச் சாத்திட்டேன். நீ சொல்லு, யாருக்குத்தான் பொறுக்கும்?

— அம்மா, அது மானம் இல்லீங். மானோ. மானோ போ.

— என்னா எழவா இருந்தா என்னா?

— கேளுங்க. போன பொங்கலுக்கு எங்கய்யன் ஊர்ல இருந்து வந்தப்ப இங்கதான் கூட்டியாந்தேன். இந்தம்மா வந்து அவரு கைய எடுத்து நெத்தியில ஒத்திக்கிட்டாங்க. எங்கய்யன் கூச்சத்துல நெளியறாரு. கேட்டா, பெரியவங்களக் கண்டா அப்படித்தான் பண்ணோணுமாமா அவுங்க ஊர்ல. ஆசீர்வாதம் கேக்கறதுங். நாம கால்ல விழறாப்புல.

— அது சரி. போன்னாளே?

— அந்தப் போ நம்ம போ இல்லீங். நாம வாங்க, உக்காருங்கன்னு ஒரு ங்க சேத்துக்கறமில்லீங்களா, அவுங்க பாசையில அந்த எடத்துல வர்றது போ. மரியாதைங். எனக்கும் இதே கூத்துதான் நடந்துது. மொத நாளு சோத்த வெச்சுப்போட்டு 'காயின் நா போ'ன்னாங்க. சாப்புடுங்கன்னு அர்த்தமாமா. எனக்கென்ன தெரியும்? திங்க வந்தவனப் போங்கறாளேன்னு எந்திரிச்சு நடையக் கட்டிட்டேன். உங்க பையன் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பொறத்தாலயே ஓடியாந்து, வெளக்கமெல்லாஞ் சொல்லி, கையப் புடிச்சுக் கூட்டியாந்தாருங். அன்னைக்கே இவுங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு, இனிமே போவே வேண்டாம், ங்க போடுன்னு. அதுல இருந்துதான் பூனைக்கு மொதக்கொண்டு.

— ஒனக்கு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடியாந்தானா?

— ஆமாங்.

— எனக்கு ஒரு கார்டு போடல பாத்தியா?

— ஆம்பளைக்கு ரோசம் சாஸ்திங்கம்மா.

— ரோசந்தான். அவங்கப்பன் புத்தி அப்புடியே. பேசாத, வர்றா.

— அம்மா, எலைங்க. இது சோறுங்க. இது கறே-கறேங்க. மாட்டு வால், கத்திரிக்கா, வாழப்பூ. பண்ருட்டி மல்லாட்டை வறுத்து, அரைச்சு ஊத்தினேங்க. காரம் கெடையாதுங்க. மெதுவா சாப்புடுங்க.

— சரிம்மா.

— எப்படியிருக்குதுங், சொல்லுங்க.

— அவ அடுப்பாண்ட போயிட்டாளா?

— போயிட்டாங்க.

— உப்பு ஒரு கல்லு கொறைச்சல். ஆனா கை சுத்தம். வால்கறிய இந்தப் பதத்துல எறக்குறது லேசு கெடையாது தம்பி. செத்த முன்னாடி எறக்கினா ரப்பரு, செத்த விட்டா கூழு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க மாமியா இதுக்குத்தான் என்னத் திட்டிகினே கெடந்திச்சு.

— அப்ப மருமக பாஸுங்களா?

— கிண்டல் பண்ணாத. ஒரு சொல்லுக்கு மூணு வருசத்த வீணாக்கிகினேன். ஒரு ஆளு பக்கத்துல இருந்து இதச் சொல்லியிருந்தா அன்னிக்கே உள்ளாரக் கூப்புட்டிருப்பேன். இந்நேரம் மடியில பேரனோ பேத்தியோ கெடந்திருக்கும்.

— இப்பக் கூப்புடுங்க. ஒண்ணும் கெட்டுப்போயிறல.

— எப்புடி ஆரம்பிக்கிறது? நாந்தான் அந்தக் கதவச் சாத்தினவன்னா?

— மாமியான்னு சொன்னாப் போதுமுங்.

— சரி. சேசுவே. ஏம்மா ரோசா, செத்த இங்க வா.

— வரேங்க. சோறு இன்னும்ங்க?

— சோறு இருக்கட்டும். ஒனக்கு மாமியா உண்டாம்மா? புருசனப் பெத்தவ?

— தெரியுங்க, மாமியார். இல்லைங்க. செத்துட்டாங்க.

— யாரு சொன்னது?

— அவருதாங்க. கல்யாணம் ஆன புதுசுல கடலூர் போனோங்க. அந்த வூட்ல ஒரு அம்மா வந்தாங்க. நான் குனிஞ்சு மானோ செஞ்சேங்க, மொகங்கூட சரியா பாக்கலைங்க. கைய இழுத்துகினாங்க, கதவ மூடிட்டாங்க. இவரு ரோட்டோரம் உக்காந்து அழுதாருங்க. இதுதான் உங்க அம்மாவான்னு கேட்டேங்க. இல்ல, இது பெரியம்மா, எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொன்னாருங்க.

— ஏனுங் ரோசாம்மா, இவுங்க யாருன்னு—

— தம்பி, நீ உன் எலையப் பாத்து சாப்புடு.

— அம்மா, அழுவுறீங்க. கறி நல்லா இல்லைங்க?

— நல்லாதாம்மா இருக்குது. கல்லறையில நின்னுட்டு வந்தேன், மெழுவத்திப் பொக கண்ணுல இன்னும் கரிக்குது. நான் கௌம்பறேன். சாப்பாட்டுக்கு எவ்வளவும்மா?

— உங்களுக்குக் காசு வேணாங்க. எங்க ஊர்ல இந்த நாள்ல செத்தவங்களுக்கு சோறு வைப்பாங்க, அவங்களுக்குப் புடிச்சதுங்க. எங்க மாமியாருக்கு என்ன புடிக்கும்னு அவருகிட்ட கேட்டேங்க. வால்கறின்னாரு. வருசா வருசம் ஆக்கறேங்க. வயசான அம்மா யாராச்சும் வந்து சாப்ட்டா எங்க மாமியாரே சாப்ட்ட மாதிரி. நீங்க சாப்ட்டது அவங்க எலைங்க.