ஃப்ரீசருக்குச் சந்தனம் வைத்த நாள்

என் அம்மாவுக்கு முட்டி வலி, சார். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பெரும்பாடு. கிரிவலம் போவதையே நிறுத்திவிட்டார். மதியச் சோறு போட என்னைத் தவிர ஆளில்லை, அதனால் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

வேங்கிக்காலில் இராமலிங்கம் தொடங்கிய பரிசோதனைக் கூடத்தில் நான்தான் விஞ்ஞானி. மற்றவர்கள் சம்பளம் வாங்கினார்கள். இராமலிங்கம் அரிசி மண்டிக்காரர். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் ஒரு தராசு என்றே நினைத்தார். அரிசிக்குப் பதில் மூலக்கூறை எடை போடும், அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

கொழுப்பு என்றால் உங்களுக்குத் தொப்பைதான் ஞாபகம் வரும். ரத்தத்தில் கட்டளை போடும் கொழுப்புகளும் உண்டு. ஒன்று உறையச் சொல்லும், ஒன்று உறையாமல் காவல் காக்கும். கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும் அவற்றைப் பிடிப்பதுதான் என் வேலை.

2004-இல் ஒரு கம்பெனி மூட்டு வலிக்குப் புது மாத்திரை கொண்டுவந்து, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கடலைக் காட்டில் குனிந்தே முட்டி தேய்ந்தவர்கள். எங்கள் ஊரும் அதுதான், அம்மாவையும் நானே சேர்த்துவிட்டேன். மாத்திரை அந்தக் காவல் கொழுப்பைக் குறைக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். குறைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் மதிவதனி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். உள்ளூர் எம்.எஸ்சி. ஐஸ் பெட்டியையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஒரே கையில் பிடித்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். அவள் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

"சார், நாம பார்த்தது வேற கொழுப்பு சார். எடை ஒண்ணுதான், ஆளு வேற. மெஷினை நிதானமா ஓட்டினா ரெண்டும் தனியா பிரியுது. மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் காவல் கொழுப்பு ரொம்பக் கம்மி சார்."

"மெஷினைத் துடைக்கத்தான் உன்னைச் சொன்னேன்."

"எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாங்க சார். ரத்தம் ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு. யாருக்காவது நெஞ்சடைச்சுட்டா?"

ஆயுத பூஜை முடியட்டும் என்றேன்.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுப்பது நம்மவர்களின் பெரிய கண்டுபிடிப்பு. துடைத்து, பொட்டு வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். டீப் ஃப்ரீசரில் மட்டும் 'அணைக்காதே' என்று வருடா வருடம் நான் ஒரு தாள் ஒட்டுவேன். அந்தக் கூடத்தில் அறிவியல் உயிரோடு இருந்தது அந்தத் தாளால்தான். அந்த வருடம் நான் ஒட்டவில்லை. மதிவதனியை முதல் நாளே லீவில் அனுப்பியிருந்தேன்.

கூட்டிப் பெருக்கும் எல்லம்மாள் ஃப்ரீசருக்குச் சந்தனம் வைத்து, பூ சாத்தி, என்னைப் பார்த்தாள்.

"இதையும் நிறுத்திடட்டுங்களா சார்?"

"வருஷம் பூரா ஓடுது, பாவம்," என்றேன்.

அவள் கொடுத்த பொரியை வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

விஜயதசமியும் கழிந்து திறந்தால், குழாய்களில் இருந்தது ரத்தம் இல்லை, நாறும் தண்ணீர். அதில் எதை அளப்பது? ஃப்ரீசர் பொறுப்பு மதிவதனியுடையது. இராமலிங்கம் கத்தித் தீர்த்து அன்றே அவளை அனுப்பிவிட்டார். போகும்போது அழுதாள், வேலைக்காக அல்ல.

"அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சார்."

கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மாத்திரை சாப்பிட்டவர்களில் முதலில் கன்னியம்மாள், கடலை பறிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். தீபத்துக்கு முன்னால் ஆராயி. பிறகு வள்ளி, அவளுக்கு அப்படி ஒன்றும் வயதில்லை. ஊர்க்காரர்கள் ஏதோ காற்று கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ரத்தத்தைக் கெடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு அரைகுறைப் பெண் சொன்னதை நம்ப நான் முட்டாளா? மாத்திரையில் கோளாறு என்று ஒரு கணமும் நான் நம்பவில்லை, சார். என் கையெழுத்தைத்தான் நம்பினேன்.

மதிவதனி வந்து சொன்ன அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்துப் போய், அம்மாவின் மாத்திரைகளைக் கிணற்றில் கொட்டிவிட்டு வந்தேன். அது வேறு விஷயம். வயதானவர், எதற்கு வம்பு என்றுதான். முட்டி வலி அதிலிருந்துதான் திரும்ப ஆரம்பித்தது.