சாராயக்கடைப் படியின் மூங்கில்

தேவிகுளம் பஸ்ஸில் ஓர் அக்கா நீண்ட மூங்கில் கழியோடு ஏறினார். பக்கத்தில் இருந்தவள், "எதுக்குக்கா இது?" என்றாள்.

"சாராயக்கடைப் படியில கட்டியிருந்துச்சு. அவுத்துட்டு வாரேன்."

நான் புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.

"இடுப்பு ஒடிஞ்சு கெடந்த எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரியில பிள்ளைக்குப் பழக்குற மாதிரி நடக்கப் பழக்கி அனுப்புனாங்க. வீட்டுப் படியில பிடிச்சு எறங்கக் கம்பு கட்டணும், இன்னொருக்க விழுந்தா எந்திரிக்க மாட்டாருன்னாங்க. கொழுந்தன்கிட்ட சொன்னா, நாளைக்கு நாளைக்குங்கான்."

"இப்ப அண்ணன் நடக்காராக்கா?"

"வீட்டுல கக்கூசுக்குப் போக நான் தாங்கணும். சாராயக்கடைக்கு மட்டும் தனியாப் போறாரு. அங்கதான் பிடிச்சு ஏற மூங்கில் இருக்கே!"

"கடைக்காரன் கட்டுனானா?"

"கொழுந்தன் கட்டுனான். அண்ணன் விழுந்துரக் கூடாதுன்னு அம்புட்டுக் கரிசனம்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் வந்து, கழிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்.

"பின் சீட்டுல தலையக் குனிஞ்சு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன்கிட்ட வாங்கிக்கோங்க. அங்க கட்டுன கையே எங்க வீட்டுலயும் கட்டட்டும்னு கூட்டிட்டுப் போறேன்."